கித்தா மரமும் கித்தா என்னும் சொல்லும்

"மொழியியலுக்குச் சோதனைக்கூடம் இல்லையே, அது எங்ஙனம் அறிவியலாகும், ஐயா?" என்று ஈப்போவில் மாணவர் ஒருவர் என்னை முன்னொருகால் வினவினார். அறிவியல்கள் யாவும் ஒரே ஆய்வுமுறையைப் பின்பற்ற வேண்டும் என்னும் எண்ணமே அவ்வினாவின் அடிப்படை. அதற்குரிய விடை பேராக் மண்ணிலேயே உண்டு.

பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட ரப்பர்க் கன்றுகள் 1877இல் கோலகங்சாரில் நடப்பெற்றன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்ட இயக்குநர் ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லச் சீவி மீண்டும் மீண்டும் பாலெடுக்கும் முறையை 1890களில் நிறுவினார். ஐயுற்றவர் வேறொரு மரத்தில் அச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

அம்மரத்தை நம் தோட்ட மக்கள் 'கித்தா' என்றனர். அச்சொல் தமிழுக்குள் புகுந்த நிகழ்ச்சியை மீண்டும் நிகழ்த்திக் காண இயலாது. எனினும் சான்றுகள் உள. மலாயில் 'கெத்தா' என்பது மரப்பாலையும் பிசினையும் பொதுவாகக் குறிக்கும். ரப்பர் மரம் இங்கு வருமுன்னரே, 1840களில், 'கட்டாபெர்ச்சா' என்னும் பெயரில் அச்சொல் ஐரோப்பாவை எட்டிவிட்டது. தமிழிலோ 'கித்தா'வுக்கு இனச்சொற்கள் இல்லை. 'கித்தான்' ஒலியால் நெருங்கினும் பொருளால் விலகும். எனவே இது மலாய் தந்த சொல். மூலதனத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகிய 'மோடால்' இதற்கு மறுதலை. தமிழ் 'முதல்' என்பதற்கு முதன்மை, முதல்வன், முதலாளி எனப் பெருங்குடும்பம் உண்டு. ஆகவே அங்குக் கொடுத்தது தமிழ்.

1878இல் ஒஸ்தோஃபும் புரூக்மனும், ஒலிவிதிகளுக்கு விலக்கில்லை என்றனர். 1885இல் ஹூகோ ஷுகார்ட் அதனை மறுத்து, மொழிக்கலப்பை வற்புறுத்தினார். ஒலிவிதியின்றி மொழி ஒப்பீடு நில்லாது. ஆயினும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் மலாயும் அடுத்தடுத்து ஒலித்த தோட்டங்களின் வரலாற்றை ஒலிவிதி மட்டும் விளக்கிவிடாது.

ஆகவே ஆய்வுமுறை ஆய்பொருளுக்கேற்ப வேறுபடும். தன் முடிவைப் பொய்ப்பிக்கவல்ல சான்று எது எனச் சொல்லும் கடப்பாடே எல்லா அறிவியலுக்கும் பொது. மலாய்த் தொடர்புக்கு முந்திய தமிழ் நூலொன்றில் 'கித்தா' மரப்பாலைக் குறித்து வருமாயின், என் முடிவை நானே கைவிடுவேன்.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்துவிட்டன. ரப்பர் மரத்தை மீண்டும் நடலாம். பால்மரம் வெட்டிய மூத்தோர் மறைந்தால் அவர்தம் சொற்களும் உடன் மறையும். ஆசிரியப் பெருமக்களே, உங்கள் மாணவரை அம்மூத்தோரிடம் அனுப்புங்கள். சொல்லையும் பொருளையும் சொன்னவர் வாழ்ந்த தோட்டத்தையும் அவர்கள் குறித்து வரட்டும். அக்குறிப்பேடுகளே நம் சோதனைக்கூடம்.