யார் ஊரில் இழவு விழுந்தது? முதல் உலகப் போரும் 'வீர இன'க் கணக்கும்

மீசை, வாள், கீழே 'போர்க்குடி' என்று ஒரு வரி. தங்கள் சாதி மட்டும்தான் நாட்டுக்காக ரத்தம் சிந்தியது என்று சொல்லும் இப்படிப்பட்ட படங்கள் நம் கைப்பேசிக்கு அடிக்கடி வருகின்றன. பதிலுக்கு நாமும் படம் போட்டிருக்கிறோம். இனி அப்படிச் செய்யும் முன் முதல் உலகப் போரின் கணக்கைப் பார்த்துவிடுவோம், தோழர்களே.

1914 முதல் 1918 வரை இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். சுமார் 74,000 பேர் செத்தார்கள். அந்தச் சாவு எல்லா மாகாணத்துக்கும் சமமாகப் பங்கு பிரியவில்லை. சண்டையிடும் படைக்குப் பஞ்சாபில் எடுத்த ஆட்கள் சுமார் 3.5 லட்சம். ஏறக்குறைய இரண்டு மடங்கு மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் சுமார் 51,000. வங்காளத்தில் வெறும் 7,000 சொச்சம். ஆள் எடுத்த ஊரில்தானே இழவும் விழும்?

பஞ்சாபிக்கு வீரம் ரத்தத்திலேயே ஊறியதா? இல்லை. 1857 எழுச்சிக்குப் பிறகு, எந்த இனம் சண்டைக்குத் தகுதி என்று பட்டியல் போட்டது வெள்ளை அரசு. 1885இல் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ் அதில் முன்னின்றார். தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று சென்னைப் படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. கோரேகான் தூணில் 22 மகர் வீரர்களின் பெயர் இருக்கிறது. அந்த மகர்களுக்கே 1890களில் படையின் கதவு அடைக்கப்பட்டது. 1917இல் ஆள் பற்றாக்குறை வந்ததும் '111ஆம் மகர்' படையைத் திரட்டினார்கள். போர் முடிந்ததும் அதைக் கலைத்தார்கள். இடையில் மகர்களின் வீரம் எங்கே போய் எங்கிருந்து திரும்பி வந்தது?

பஞ்சாபின் கதையும் பெருமைக்குரியதல்ல. ஆளுநர் ஓ'டயரின் ஆட்சியில் மாவட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு வைத்துப் பிடித்தார்கள். ஆசை காட்ட, கால்வாய்ப் பாசன நிலம். ஆனால் 1900ஆம் ஆண்டு நிலச் சட்டம், 'விவசாய இனம்' என்ற பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள் அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் நிலத்தை வாங்க முடியாதபடி செய்திருந்தது. பெரும்பாலான தலித்துகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஜீலம் மாவட்டத்தில் துல்மியால் என்ற ஒரே கிராமத்திலிருந்து 460 பேர் படைக்குப் போனார்கள். அந்த ஊருக்கு அரசு கொடுத்தது ஒரு பழைய பீரங்கி.

இன்னொரு கணக்கும் உண்டு. சண்டைப் படைக்கு 7,000 பேர் கொடுத்த வங்காளத்திலிருந்து, சண்டையிடாத வேலைகளுக்குச் சுமார் 52,000 பேர் போனார்கள். சென்னையிலிருந்து சுமார் 41,000 பேர். மூட்டை தூக்கியவர்கள், கோவேறு கழுதை ஓட்டியவர்கள், காயம்பட்டவர்களைச் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், மலம் அள்ளியவர்கள். குண்டும் காலராவும் இவர்களையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் 'வீர இனம்' பேசுகிறவர்களின் கதையில் இவர்களுக்கு இடமே இல்லை.

செத்த பிறகும் வரிசை மாறவில்லை. பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே. குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ நினைவே இல்லாமலோ விடப்பட்டார்கள் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும்.

ஒரு வட்டாரத்தில் சாவு அதிகமானால் அங்கே வீரம் அதிகம் என்று பொருளல்ல. குறைந்தால் கோழைத்தனமும் அல்ல. யாரைச் சாக அனுப்பலாம், யாரைச் சுமக்க அனுப்பலாம் என்று மேலே இருப்பவன் போட்ட கோடு அது. 'நாங்களும் வீர இனம்தான்' என்று நிரூபிக்கப் போனால் அந்தக் கோட்டை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். கோரேகான் தூணுக்கு முன்னால் நாம் நிற்பது அதற்காக அல்ல. தகுதியைப் பிறப்பால் அளக்கும் அந்தப் பட்டியலே பொய் என்று சொல்லத்தான்.

அடுத்த முறை மீசையும் வாளும் வந்தால் பதிலுக்குப் படம் போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்போம்: அந்தப் பட்டியலை எழுதியவன் யார்?