நான்காம் நெறியின் இரு பாதிகள்: தண்ணீர் தனியார்மயம் கடந்து வந்த வழி

குழாய்த் தண்ணீரைக் காசுக்கு விற்கும் தொழில் பழமையானது. 1853இல் மூன்றாம் நெப்போலியனின் ஆணையால் பிரான்சில் உருவான நிறுவனம் ஒன்று, லியோன் நகருக்கு நீர் வழங்கும் உரிமையைப் பெற்றது. இன்றைய வியோலியாவின் தொடக்கம் அதுதான். ஆனாலும் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், உலக நகரங்கள் பலவற்றில் குடிநீர் நகராட்சியின் கடமையாகவே இருந்தது. 1977இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் கூடிய ஐ.நா. நீர் மாநாடு, குடிநீர் பெறுவது எல்லா மக்களின் உரிமை என்று அறிவித்தது. அதைச் செயலாக்க 1981 முதல் 1990 வரை குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமான பத்தாண்டாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அதே பத்தாண்டில்தான் லத்தீன் அமெரிக்க, ஆப்பிரிக்க அரசுகள் பல கடனில் மூழ்கிக் கஜானா வறண்டு நின்றன.

1989இல் மார்கரெட் தாட்சர் அரசு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த 10 வட்டார நீர் அமைப்புகளை, அவற்றின் பழைய கடன்களைத் தள்ளுபடி செய்து, பங்குச்சந்தையில் விற்றது. பிரான்சில் குழாய்களின் உடைமை நகராட்சியிடமே இருக்கும். நடத்தும் பொறுப்பு மட்டும் குத்தகைக்குப் போகும். இங்கிலாந்தில் குழாயும் நிலையமும் சேர்ந்தே கைமாறின. ஸ்காட்லாந்து அந்த வழியில் போகவில்லை; அங்கு நீர் வழங்கல் இன்றும் பொதுத்துறையில்தான்.

கொள்கையளவில் திருப்பம் நேர்ந்தது 1992 ஜனவரியில். டப்ளினில் கூடிய நீர் வல்லுநர்கள் நான்கு நெறிகளை வகுத்தனர். நீருக்குப் பொருளாதார மதிப்பு உண்டு, அதைப் பொருளாதாரப் பண்டமாகக் கருத வேண்டும் என்பது நான்காவது. அதன் விளக்கத்திலேயே, தாங்கக்கூடிய விலையில் தூய நீர் பெறும் அடிப்படை உரிமையை முதலில் ஏற்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அடுத்த பத்தாண்டில் முதல் பாதி ஊரெங்கும் பேசப்பட்டது. இரண்டாம் பாதி ஏட்டோடு நின்றது. 1993இல் உலக வங்கி வெளியிட்ட நீர்வளக் கொள்கை, விலை நிர்ணயத்துக்கும் தனியார் பங்கேற்புக்கும் முதன்மை தந்தது. அதே ஆண்டு புவெனஸ் அயர்ஸும் 1997இல் மணிலாவும் குடிநீரைத் தனியாரிடம் ஒப்படைத்தன.

பொலிவியாவின் கோச்சபாம்பாவில் அந்தக் கொள்கையின் விளைவு வீட்டு வாசலுக்கே வந்தது. நகரின் தெற்குக் குன்றுகளில் குழாய் கிடையாது. தெருவோரம் 200 லிட்டர் பீப்பாய்களை வைத்துக்கொண்டு மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பார்கள். பல குடியிருப்புகள் தாங்களே பணம் திரட்டிக் கிணறு வெட்டிக்கொண்டன. 1999இல் ஒரே ஒரு நிறுவனம் ஏலம் கேட்டு 40 ஆண்டு உரிமையைப் பெற்றது: அமெரிக்க நிறுவனமான பெக்டெலின் பின்னணி கொண்ட அகுவாஸ் டெல் துனாரி. ஆண்டுக்குச் சராசரியாகக் குறைந்தது 15% லாபத்துக்கு ஒப்பந்தமே உறுதி அளித்தது. கட்டண உயர்வைத் தணிக்க அரசு மானியம் கூடாது என்று உலக வங்கியின் 1999 அறிக்கை ஒன்று சொல்லியிருந்தது. அவ்வாண்டு வந்த 2029ஆம் எண் சட்டம், சமூகக் கிணறுகளையும் பாசன விவசாயிகளின் வாய்க்கால் உரிமைகளையும் நிறுவனத்தின் தனியுரிமைக்குள் இழுத்துவிடும் என்ற அச்சம் பரவியது.

2000 ஜனவரியில் பில் வந்தது. பல வீடுகளில் கட்டணம் இரட்டிப்பாகியிருந்தது. பாசன விவசாயிகளும் ஆலைத் தொழிலாளரும் ஒருங்கிணைப்புக் குழு ஒன்றை அமைத்தனர். அதன் முகமாக நின்றவர் ஆஸ்கார் ஒலிவேரா. ஏப்ரல் 8 அன்று அதிபர் ஹியூகோ பன்சர் நெருக்கடி நிலையை அறிவித்தார். அன்று 17 வயது விக்டர் ஹியூகோ தாசா துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார். இரண்டே நாளில் ஒப்பந்தம் முறிந்தது. இழப்பீடு கோரி நிறுவனம் உலக வங்கியைச் சேர்ந்த முதலீட்டுத் தகராறு மையத்துக்குப் போனது. 2006 ஜனவரியில் பெயரளவில் 2 பொலிவியானோ பெற்றுக்கொண்டு வழக்கைக் கைவிட்டது. வென்ற மக்களின் கையில் வந்து சேர்ந்ததோ பணமும் பராமரிப்பும் இல்லாத பழைய நகராட்சி நிறுவனம். தெற்குக் குன்றுகளில் பீப்பாய்கள் பல ஆண்டுகள் அப்படியே இருந்தன. தனியாரை வெளியேற்றுவதும் குழாய் போடுவதும் வெவ்வேறு வேலைகள் என்பது அந்த நகரத்தின் கசப்பான அனுபவம்.

இந்தியாவில் 2002ஆம் ஆண்டு தேசிய நீர்க் கொள்கை தனியார் பங்கேற்பை வரவேற்றது. அதற்கு முன்பே, 1995இல், திருப்பூரின் நீர்த் திட்டத்துக்கெனத் தனி நிறுவனம் உருவாகியிருந்தது. பவானியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் அத்திட்டத்தில், சாயப்பட்டறைகள் கூடுதல் விலை தரும், வீடுகளுக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் என்பது கணக்கு. 2011இல் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட ஆணையிட்டதும் அந்தக் கணக்கு தடுமாறியது. குடிநீரின் வரவுசெலவை ஒரே தொழிலின் தாகத்தோடு முடிச்சுப் போட்டிருந்ததே அதன் பலவீனம்.

டப்ளின் நெறியின் மறக்கப்பட்ட பாதி 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபையில் மீண்டும் எழுந்தது. அதைக் கொண்டுவந்த நாடு பொலிவியா. தூய குடிநீரும் சுகாதாரமும் மனித உரிமை என்ற தீர்மானத்துக்கு 122 நாடுகள் ஆதரவளித்தன, 41 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்வாக்கு இல்லை. நீரை வழங்குவது அரசா, தனியாரா என்பதை அத்தீர்மானம் சொல்லவில்லை.

நகரங்கள் அதற்குத் தத்தம் வழியில் விடை தேடின. 2010 தொடக்கத்தில் பாரிஸ் தன் குடிநீர் வழங்கலைத் தனியாரிடமிருந்து மீட்டது. மறு ஆண்டே கட்டணத்தை 8% குறைத்தது. பெர்லின் 1999இல் தன் நீர் நிறுவனத்தின் 49.9% பங்கை விற்றிருந்தது. லாப உறுதி அடங்கிய அந்த ரகசிய ஒப்பந்தங்களை வெளியிடக் கோரி 2011இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் வென்றனர். 2013க்குள் நகரம் 100 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து அந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கியது.