அப்பாவின் பி.எஸ்.ஏ.யும் ஒரு பெட்டி ஸ்பனரும்

கற்பிட்டியில் எங்கள் வீட்டு விறாந்தையின் ஓரத்தில் 1953 ஆம் ஆண்டு செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. பி.எஸ்.ஏ. பாண்டம், 125 சி.சி., மூன்று கியர். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைக் கழற்றிப் பூட்டுவதிலேயே என் பொழுதில் பாதி போய்விடும். அண்மையில் கனடாவிலிருந்து வந்திருந்த பால்ய நண்பர், "இதற்கு இப்போது நல்ல விலை கிடைக்குமே. விற்றுவிடாமல் ஏன் இதோடு மாரடிக்கிறாய்?" என்று கேட்டார். பழைய பொருள்மீது உள்ள ஆசை என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். அந்தப் பதிலில் எனக்கே திருப்தி இல்லை. ஒழுங்கான பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இந்த வண்டி பிறந்த கதையே ஒரு போரின் கதை. பி.எஸ்.ஏ. என்பது பேர்மிங்ஹாமில் 1861 இல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம். ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அதன் சின்னம். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனியிடமிருந்து வென்ற நாடுகள் நட்டஈடாகப் பெற்றவற்றில் டி.கே.டபிள்யூ. கம்பனியின் ஆர்.ரி. 125 என்ற சிறிய மோட்டார் சைக்கிளின் வரைபடங்களும் அடங்கும். அவற்றை வைத்து சோவியத் நாட்டில் ஒரு வண்டி வந்தது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் ஒன்றைச் செய்தது. பிரித்தானியாவில் 1948 இல் பாண்டம் வந்தது. ஜேர்மன் எஞ்சினைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாற்றி, மில்லிமீற்றரை அங்குலமாக்கினார்கள். பாண்டம் என்பது ஒரு சிறுவகைக் கோழியின் பெயர். அதனால் தாங்கியில் ஒரு சேவல் படம் இருக்கும். 1955 இல் ஜப்பானின் யமஹா தன் முதலாவது மோட்டார் சைக்கிளைச் செய்ததும் இதே ஜேர்மன் மாதிரியைப் பின்பற்றித்தான்.

ஆசிரியராக இருந்த என் தந்தையார் இதை 1957 இல் ஒரு தென்னந்தோட்டத் துரையிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினார். அந்த ஆண்டில்தான் புதிதாகப் பதிவாகும் வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் நடந்தவற்றை வாசகர்கள் அறிவார்கள். சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. அங்கே அந்த எழுத்தின்மீது தார் பூசினார்கள். தெற்கிலே தமிழ் எழுத்துகள்மீது தார் பூசினார்கள். 1958 ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம் மூண்டது. எங்கள் பாண்டம் அதற்கு முன்னரே பதிவான வண்டியாதலால் அதன் தகட்டில் ஆங்கில எழுத்துகளே இருந்தன. "வெள்ளைக்காரன் எழுத்து இருந்தபடியால் இரண்டு பக்கத்தாரும் என்னைப் போக விட்டார்கள்" என்று அப்பா கசப்போடு சிரிப்பார். அந்தத் தகட்டுக்குப் புது வர்ணம் பூச அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை.

வாங்கிய சில ஆண்டுகளிலேயே நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி தொடங்கிவிட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகி, 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் உச்சத்தை அடைந்தது. உதிரிப்பாகம் என்ற சொல்லே மறந்துபோன காலம் அது. பாண்டத்தின் கிளட்ச் தட்டுகளில் தக்கைத் துண்டுகள் பதித்திருக்கும். அவை தேய்ந்தபோது அப்பா போத்தல் மூடித் தக்கைகளைச் சீவி, எண்ணெயில் ஊறவைத்துப் பதித்தார். எஞ்சினின் அடிப்பாகத்துக்கு வேண்டிய கஸ்கட்டைத் தடித்த கடதாசியில் வெட்டினார். பிளக் தீப்பொறிக்கான பொயின்ற் இடைவெளியை அளக்கும் தகடு தொலைந்தபோது ஒரு தபாலட்டையை வைத்து அளந்தார். இது என் தந்தையாரின் தனித் திறமையன்று. நாட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த எல்லோரும் அன்று அரைவாசி மெக்கானிக்குகள்தான்.

எங்கள் கரையில் இன்னொரு எதிரியும் உண்டு. புத்தளம் உப்புக்குப் பேர்போன இடம். ஒருபக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல், நடுவே நீண்டு கிடக்கும் மணல் நாக்குத்தான் கற்பிட்டி. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகக் காற்று உப்பை அள்ளிவந்து பூசும். நல்ல தண்ணீரால் வாராவாரம் கழுவுவதும், கழித்த எஞ்சின் எண்ணெயை அடிச்சட்டத்தில் பூசுவதும், உள்ளே ஈரக்காற்று தங்காதபடி பெற்றோல் தாங்கியை நிறைத்தே வைப்பதும் அப்பாவின் நியமங்கள். அப்படியும் தாங்கிக்குள் துரு பிடித்துவிட்டால், அதைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய சைக்கிள் சங்கிலித் துண்டொன்றைப் போட்டுக் குலுக்கிக் கழுவ வேண்டும். குலுக்குவது என் வேலை. இன்றும் என் வேலைதான்.

1977 க்குப் பிறகு பொருளாதாரம் திறக்கப்பட்டது. ஜப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. அப்பாவும் ஒரு ஹொண்டா வாங்கினார். பி.எஸ்.ஏ. கம்பனி 1970களின் தொடக்கத்திலேயே வீழ்ந்துவிட்டிருந்தது. பாண்டம் கொட்டிலுக்குள் போனது. அதன்மேல் கோழி படுத்தது.

அதை வெளியே கொண்டுவந்தவர் மன்னாரிலிருந்து வந்த ஒரு மனிதர்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள். மன்னார்த் தீவில் சில நாட்கள். மன்னாரில் ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடியவை ஐந்து பைகள், 2,000 ரூபா, ஒரு பவுண் நகை. வெளியேற்றப்பட்டவர்களின் தொகை எழுபதாயிரத்துக்கும் மேல். மிகப் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கே. மன்னார்த் தீவினர் எருக்கலம்பிட்டிக் கரையில் காத்திருந்து, வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். பல்கலைக்கழகம் மூடிக்கிடந்ததால் நான் வீட்டில் இருந்தேன். மழையில் நனைந்தபடி பிள்ளைகளைத் தோளில் சுமந்து அவர்கள் கரையேறியதைப் பார்த்தேன். ஊரார் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். பாடசாலைகள் நிறைந்தன. பிறகு ஆலங்குடா, தில்லையடி என்று கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன.

அடுத்த ஆண்டு, ஆலங்குடா முகாமிலிருந்து ஒருவர் வேலை தேடி எங்கள் வீட்டுக்கு வந்தார். எருக்கலம்பிட்டிக்காரர். அங்கே வள்ளங்களின் வெளியிணைப்பு எஞ்சின்களையும் மோட்டார் சைக்கிள்களையும் திருத்தியவர். எங்கள் பக்கத்தில் கைவினைஞரைப் 'பாஸ்' என்பார்கள். ஒல்லாந்தர் கற்பிட்டியில் ஒரு கோட்டையையும் எங்கள் பேச்சில் இந்தச் சொல்லையும் விட்டுப் போனார்கள். அவரை ஊர் 'பாஸ் நானா' என்றது. கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் அப்பாவிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "மாஸ்டர், இதுவும் வள்ளத்து எஞ்சினும் ஒரே சாதி. எனக்குத் தாங்க, நான் ஓட வைக்கிறேன். ஆனா எனக்கிட்ட ஒரு ஸ்பனரும் இல்ல."

ஒரே சாதி என்று அவர் சொன்னது முற்றிலும் சரி. இரண்டுமே இருவீச்சு எஞ்சின்கள். தனியாக எண்ணெய்ப் பம்பி கிடையாது. பெற்றோலோடு எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். பாண்டத்துக்கு இருபதுக்கு ஒன்று, அதாவது நான்கு லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். வால்வுகள் இல்லை, பிஸ்டனே ஏறி இறங்கித் துவாரங்களை மூடித் திறக்கும். எரிந்த எண்ணெயின் கரி புகைபோகும் துவாரத்திலும் சைலன்சரிலும் படிந்து மூச்சை அடைக்கும். சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அதைச் சுரண்ட வேண்டும். பிஸ்டன் அலுமினியமாதலால் இரும்பால் சுரண்டக்கூடாது, மரத்துண்டால்தான். பாஸ் நானா தென்னோலை ஈர்க்கையும் சீவிய மூங்கிலையும் பாவித்தார். அதை அவரிடம்தான் கற்றேன்.

ஸ்பனர் விடயத்தில்தான் சிக்கல். ஆங்கிலேயரின் பழைய வண்டிகளின் நட்டுகள் விட்வேர்த் அளவில் அமைந்தவை. ஜப்பானிய மில்லிமீற்றர் ஸ்பனரை மாட்டித் திருகினால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும். அப்பாவிடம் துரை கொடுத்த விட்வேர்த் பெட்டி ஒன்று இருந்தது. அதை எடுத்து, வேறு சில சாமான்களையும் சேர்த்து, "வண்டியைத் திருத்திய பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். தொழில் தொடங்க வேண்டுமே" என்று கொடுத்தார்.

மூன்று வாரம் கழற்றிப் பூட்டினோம். ஒருநாள் பொயின்ற் தீட்டிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்: "வீட்டை விட்டு வந்ததுக்குக்கூட நான் இவ்வளவு யோசிக்கல்ல தம்பி. பதினாறு வருஷம் ஒவ்வொண்டாச் சேர்த்த சாமான் பெட்டி. அத எடுத்தா ஒரு பை போயிடும். பிள்ளையள்ட உடுப்பா, பெட்டியா எண்டு நிண்டேன். உடுப்பத்தான் எடுத்தேன். அது சரிதானே?"

நான் பதில் சொல்லவில்லை. வெளியேறச் சொன்னவர்கள் பேசியது தமிழ். வெளியேறியவர்கள் பேசியதும் தமிழ். தமிழின் பெயரால் நடந்த காரியத்துக்குத் தமிழனாக அவர் எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை, வண்டியைத் திருத்திக்கொண்டிருந்தார். பின்னாளில் பத்திரிகையாளனாகி இந்த மக்களைப் பற்றிப் பலமுறை எழுதினேன். எழுதும்போதெல்லாம் 'இடம்பெயர்ந்தோர்' என்றே எழுதினேன். புயலுக்குப் பயந்து போனவரும் இடம்பெயர்ந்தோர், இவர்களும் இடம்பெயர்ந்தோர். 'வெளியேற்றப்பட்டோர்' என்ற சரியான சொல்லை எழுத எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. எழுத்துத் தொழிலில் என் கருவிப் பெட்டியில் அந்த ஒரு ஸ்பனர் மட்டும் நெடுநாள் இல்லாதிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

பாண்டம் ஓடியது. பாஸ் நானா ஆலங்குடாச் சந்தியில் ஒரு கொட்டில் போட்டார். மீனவரின் மண்ணெண்ணெய் எஞ்சின்கள் அவரைத் தேடி வந்தன. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதனால் பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் யாழ்ப்பாணத்தார் மோட்டார் சைக்கிள்களை ஓட்டியதும் இந்த வித்தையால்தான். காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, கரும்புகையோடு புறப்படுவார்கள். கடலால் பிரிக்கப்பட்ட இரண்டு ஊர்களிலும், ஒருவரை ஒருவர் காணாமலே, ஒரே கைவேலை நடந்துகொண்டிருந்தது.

யுத்தம் 2009 இல் முடிந்தது. அப்பா அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். 2011 இல் பாஸ் நானா எருக்கலம்பிட்டிக்குத் திரும்ப முடிவுசெய்து, சொல்லிக்கொள்ள வந்தார். கையில் விட்வேர்த் பெட்டி. ஒவ்வொரு ஸ்பனரும் எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தது. இருபது ஆண்டு உப்புக்காற்றில் ஒன்றிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. வைத்துக்கொள்ளுங்கள் நானா என்றேன். "இல்ல தம்பி. இந்த அளவு நட்டு உள்ள வண்டி இங்கதான் நிக்குது. சாமான் வண்டியோட இருக்கணும்" என்றார்.

அதன் பெறுமதி 2022 இல் தெரிந்தது. அந்நியச் செலாவணி மறுபடியும் வற்றியது. 2020 மார்ச்சிலேயே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். எரிபொருள் வரிசைகள் மைல்கணக்கில் நீண்டன. கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு நான்கு லீற்றர். மண்ணெண்ணெய் விலை ஒகஸ்ட் மாதத்தில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. எங்கள் கரையில் வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன. பழைய கொட்டில்களிலிருந்து பழைய வண்டிகள் வெளியே வந்தன. அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்களைத் தேடி ஊர் அலைந்தது. தபாலட்டையால் பொயின்ற் அளக்கத் தெரிந்த என்னிடம்கூட இளைஞர்கள் வந்தார்கள். அப்பா எனக்கும், பாஸ் நானா எனக்கும் காட்டிய வேலைகளை நான் அவர்களுக்குக் காட்டினேன்.

வசதியான நாடுகளில் பழைய மோட்டார் சைக்கிள் பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் பாண்டத்துக்கு இன்றும் புதிய உதிரிப்பாகங்கள் செய்து விற்கிறார்கள். எங்கள் நாட்டிலோ பழுதுபார்த்தல் ஒரு தற்காப்பு. கதவு மூடப்படும் ஒவ்வொரு தடவையும், அது இறக்குமதியின் கதவானாலும் சொந்த வீட்டின் கதவானாலும், மனிதரிடம் எஞ்சியது கையில் இருந்த வேலை மட்டுமே. பாஸ் நானாவின் பெட்டியை மன்னாரிலேயே விட்டுவிடச் செய்ய முடிந்தது. அவருக்குத் தெரிந்த வேலையைப் பறித்துக்கொள்ள முடியவில்லை.

நண்பருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். வண்டியை விற்கலாம், வாங்க ஆள் உண்டு. ஆனால் பெட்டியையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். சாமான் வண்டியோடு இருக்க வேண்டும் என்பது பாஸ் நானாவின் கட்டளை. அந்தப் பெட்டியைக் கைமாற்ற எனக்கு மனம் வரவில்லை. அடுத்த சோளகம் தொடங்குமுன் தாங்கியைக் கழற்றிக் குலுக்க வேண்டும்.