சோபிக்காத வைட் ரிசீவரை மாற்றிப் பெறுதல்
அமெரிக்கக் கால்பந்தின் நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து ஆடும் ஃபேன்டஸி ஃபுட்பாலில், புள்ளி குவிக்கத் தவறும் வைட் ரிசீவரை (வீசப்படும் பந்தைப் பிடிப்பவரை) வேறொரு போட்டியாளரிடமிருந்து குறைந்த விலைக்கு மாற்றிப் பெறுவது பருவத்தின் நடுவே எழும் கடினமான முடிவு. பொதுவாக, அவர் பந்தைப் பிடித்து எடுக்கும் 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பதற்கு) 6. பல லீக்குகளில் பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் 1. டச்டவுன்கள் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குபவை. அவற்றை மட்டும் வைத்து ஆட்டக்காரரை எடைபோடக் கூடாது. அவரை நோக்கி எத்தனை பந்துகள் வீசப்படுகின்றன, களத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பவையே நம்பத்தக்க அளவுகோல்கள். அவை குறையாமல் புள்ளி மட்டும் சரிந்திருந்தால் வாங்கலாம். காயமோ, பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் பலவீனமோ காரணமெனில் தயங்குவதே நல்லது. பொறுப்புக் கூடப்போகும் புதியவரும் கவனத்துக்குரியவர்: மினசோட்டா வைக்கிங்ஸின் ஜஸ்டின் ஜெஃபர்சன் 2020இல் முதல் இரு ஆட்டங்களில் எடுத்தது 70 யார்டு, தொடக்க வரிசைக்கு உயர்ந்த மூன்றாவதில் 175, பருவ முடிவில் 1,400.