காற்றுத் தடுப்பு (தானுந்து)

காற்றுத் தடுப்பு என்பது கூரையை மடித்துத் திறக்கத்தக்க தானுந்துகளில் இருக்கைகளுக்குப் பின்னால் நிமிர்த்திப் பொருத்தப்படும் தகடு அல்லது வலை ஆகும். கூரை திறந்திருக்கையில் ஓட்டுநரை வருத்தும் காற்று பெரும்பாலும் முன்னிருந்து வருவதன்று. முகப்புக் கண்ணாடியைத் தாண்டி ஓடும் காற்றுக்குக் கீழே அழுத்தம் குறைவதால், காற்று பின்புறமிருந்து சுழன்று திரும்பிப் பிடரியில் அடிக்கிறது. இச்சுழலையே தடுப்பு மறிக்கிறது. 1989 இல் வெளிவந்த மெர்சிடிசு-பென்சு எசுஎல் (ஆர்129) வகைக்கு வலைத் தடுப்பு இருந்தது.

மாசுடா எம்எக்சு-5 போன்ற இருவர் தானுந்துகளை வைத்திருப்போர் சிலர், ஒளிபுகும் நெகிழித் தகட்டில் இதனைத் தாமே செய்து கொள்கின்றனர். முதலில் அட்டையில் வடிவம் வெட்டப்படும். கூரை மடியும்போதும் இருக்கை பின்நகரும்போதும் அது இடிக்கக்கூடாது. இருக்கைப்பட்டியின் வழியையும் மறைக்கக்கூடாது. அதன் பின்னரே தகடு அறுக்கப்பட்டு, விளிம்புகள் உப்புத்தாளால் மழுக்கப்படும்.

அக்ரிலிக் தகட்டில் பாலிகார்பனேட்டைவிடக் கீறல் குறைவாக விழும்; ஆயினும் மோதலில் கூரிய சில்லுகளாக உடையும். தலைக்கு மிக அருகில் நிற்கும் பொருளாதலால், கீறல் விழுந்தாலும் பாலிகார்பனேட்டே ஏற்றது. அது வெயிலில் விரியும் என்பதால் துளைகள் திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாக இடப்படுகின்றன. பெட்ரோல், அசிட்டோன் பட்டால் மங்கி வெடிப்பு விடும். துடைக்க மென்மையான சோப்பு நீரே போதும்.