வெந்நீர் ஊரின் கதை



ஓய்வு என்றால் என்ன? வேலை செய்யாமல் இருப்பதுதான் ஓய்வா? நம் தோட்டப்புறத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், இல்லை என்பார்கள். ஒரு காலத்தில் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால் வெட்டு இருக்காது; பால் வெட்டு இல்லையென்றால் அன்றையக் கூலியும் இருக்காது. லயத்து வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாளை யாரும் ஓய்வு நாள் என்று சொன்னதில்லை. கவலை இல்லாமல், உடம்பின் அலுப்புத் தீர, குடும்பத்தோடு கூடியிருப்பதே ஓய்வு.

அத்தகைய ஓய்வுக்கென்றே பெயர் பெற்ற ஊர் ஒன்று நியூசிலாந்து நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் ரோட்டோருவா. ஏரிக்கரையில் அமைந்த ஊர். நிலத்தடியிலிருந்து வெந்நீர் ஊறும் ஊர். நூற்றைம்பது ஆண்டுகளாக மக்கள் அங்கே விடுமுறையைக் கழிக்கப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த ஓய்வை யார் கொடுத்தார்கள், யார் பெற்றார்கள், யார் இழந்தார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

நியூசிலாந்து இரண்டு பெரிய தீவுகளைக் கொண்ட நாடு. வடதீவின் நடுப்பகுதியில், கடல் மட்டத்திற்கு 280 மீட்டர் உயரத்தில் ரோட்டோருவா ஏரி இருக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 80 சதுர கிலோமீட்டர். சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை பெருவெடிப்பாக வெடித்தது. உள்ளே இருந்த குழம்பு வெளியேறியதும் மேல் நிலம் பொத்தென்று உள்ளே அமிழ்ந்தது. அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கியதே இந்த ஏரி.

அடியில் வெப்பம் இன்னும் தணியவில்லை. மழைநீர் பாறை இடுக்குகளின் வழியே ஆழத்திற்கு இறங்கி, சூடேறி, மறுபடியும் மேலே வருகிறது. சில இடங்களில் அமைதியான வெந்நீர்க் குளமாக நிற்கிறது. சில இடங்களில் சேறு குபுகுபுவென்று கொதிக்கிறது. சில இடங்களில் நீர் வானை நோக்கிப் பீறிட்டு அடிக்கிறது. இதைக் கெய்சர் என்பார்கள். குறுகலான குழாய் போன்ற பாறைப் பிளவில் மேலே உள்ள நீரின் கனம் கீழே உள்ள நீரை அழுத்துகிறது. அதனால் கீழ்நீர் வழக்கமான கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகிறது. மேலே கொஞ்சம் நீர் வழிந்து அழுத்தம் குறைந்தவுடன், அடிநீர் ஒரே நேரத்தில் ஆவியாகி அத்தனையையும் வெளியே தள்ளுகிறது. அங்குள்ள பொஹுத்து என்னும் கெய்சர் 30 மீட்டர் உயரம் வரை எழும்பும். ஊர் முழுவதும் கந்தக வாடை வீசும்; புதிதாகப் போகிறவர்கள் அழுகிய முட்டை நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த மண்ணின் மக்கள் மாவோரிகள். ரோட்டோருவா வட்டாரத்தார் தெ அராவா என்ற பிரிவினர். பெருங்கடலைப் படகில் கடந்து வந்த முன்னோரின் படகுப் பெயரே அவர்களுக்கும் பெயராயிற்று. வெந்நீர் எப்படி வந்தது என்பதற்கு அவர்களிடம் ஒரு கதை உண்டு. அந்தப் படகில் வந்த பெரிய பூசாரி ஒருவர் பனிமலை உச்சியில் குளிரில் உயிர் போகும் நிலையில் இருந்தாராம். தாயகத்தில் இருந்த தம் சகோதரிகளை நெருப்பு அனுப்பும்படி கூவி அழைத்தாராம். நெருப்பு கடலடியிலும் நிலத்தடியிலும் ஓடி வந்து, வழியில் தலைகாட்டிய இடங்களிலெல்லாம் வெந்நீர் ஊறியதாம். ஏரி நடுவில் உள்ள மோக்கோயா தீவுக்கும் ஒரு காதல் கதை உண்டு. தீவிலிருந்து வந்த குழலோசையைத் துணையாகக் கொண்டு, சுரைக்குடுக்கைகளை உடம்பில் கட்டி இரவில் நீந்திய ஹினெமோவா என்ற பெண், கரையேறியதும் வெந்நீர்க் குளத்தில் இறங்கிக் குளிர் தீர்த்துக்கொண்டாள் என்பார்கள்.

நேயர்களே, அந்த மக்களுக்கு வெந்நீர் வேடிக்கைப் பொருள் அன்று. அதுவே அடுப்பு, அதுவே குளியலறை, அதுவே மருத்துவம். வக்காரெவாரெவா என்ற கிராமத்தில் இறைச்சியையும் கிழங்கையும் நீராவிப் பெட்டியில் வைத்து வேக வைப்பார்கள். சோளத்தைக் கட்டிக் கொதிக்கும் குளத்தில் இறக்குவார்கள். அதே நீரை வாய்க்கால் வழியே கொண்டுவந்து, ஆறவைத்து, பொதுத் தொட்டிகளில் மாலையில் ஊரே சேர்ந்து குளிக்கும். வேலை முடிந்த உடம்புக்கு ஓய்வும், ஊர்ச் செய்தி பேசுவதற்கு ஓர் இடமும் அங்கேதான். அந்த ஓய்வுக்குக் காசு இல்லை.

காசு பிறகு வந்தது. தாராவேரா மலையடியில் ரோட்டோமஹானா என்னும் சிறு ஏரி இருந்தது. அதன் கரையில் வெந்நீரில் கரைந்து வந்த சிலிக்கா படிந்து படிந்து, பளிங்குப் படிக்கட்டுகளைப் போன்ற இரண்டு மேடைகள் உருவாகியிருந்தன. ஒன்று வெண்மை, மற்றொன்று இளஞ்சிவப்பு. ஒவ்வொரு படியிலும் இளஞ்சூடான நீர்த் தொட்டி. உலகின் அதிசயம் என்று இவற்றைப் புகழ்ந்தார்கள். விக்டோரியா அரசியின் மகன் ஆல்பிரட் இளவரசர் 1870ஆம் ஆண்டில் வந்து பார்த்தார். கப்பலில் வந்து, குதிரை வண்டியில் ஏறி, தெ வைரோவா என்னும் கிராமத்தில் தங்கி, அங்கிருந்து படகில் போக வேண்டும். படகு ஓட்டியவர்களும் வழி காட்டியவர்களும் மாவோரிகளே. வழிகாட்டிகளில் புகழ் பெற்றவர் சோபியா ஹினெராங்கி என்ற பெண்மணி. ஆங்கிலமும் மாவோரியும் சரளமாகப் பேசுவார். கிராமத்தின் வருமானம் எவ்வளவு பெருகியது என்றால், அவர்களுடைய கூட்டமண்டபத்துச் சிற்பங்களின் கண்களில் சிப்பிக்குப் பதிலாகத் தங்க நாணயங்களைப் பதித்திருந்ததாகச் சொல்வார்கள்.

1886ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள். நள்ளிரவு தாண்டியதும் நிலம் நடுங்கியது. விடியுமுன் தாராவேரா மலை பிளந்து வெடித்தது. பிளவின் நீளம் ஏறத்தாழ 17 கிலோமீட்டர். சுமார் 120 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாவோரிகள். தெ வைரோவா கிராமம் சேற்றிலும் சாம்பலிலும் புதைந்தது. பளிங்கு மேடைகள் அழிந்தன. சோபியாவின் வீடு உறுதியாகக் கட்டப்பட்டது, கூரை சரிவானது. அன்றிரவு அறுபதுக்கும் மேற்பட்டோர் அந்த ஒரு வீட்டுக்குள் அடைக்கலம் புகுந்து உயிர் தப்பினார்கள். பிழைத்தவர்களுக்கு வீடில்லை, பிழைப்பும் இல்லை. அவர்களில் பலருக்கு வக்காரெவாரெவாவில் இருந்த உறவினர்கள் தங்கள் நிலத்தில் இடம் கொடுத்தார்கள். சோபியாவும் அங்கே குடியேறி, மறுபடியும் வழிகாட்டியாகவே வாழ்ந்து 1911இல் காலமானார்.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஏரிக்கரையில் வேறொன்று தொடங்கியிருந்தது. 1880ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஃபென்டன் என்ற நீதிபதி, நிலத்துக்கு உரியவர்களான வக்காவே குலத்தாருடன் ஓர் உடன்படிக்கை செய்தார். அவர்கள் நிலத்தில் ஓர் ஊர் அமையும். மனைகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்படும். நிலம் அவர்களுடையதே, குத்தகைப் பணமும் அவர்களுக்கே. வெந்நீர் ஊற்றுகள் உலக மக்களின் நலனுக்குப் பயன்பட வேண்டும் என்பதற்கும் அவர்கள் மனம் ஒப்பினார்கள். மருத்துவமனைக்கும் பூங்காவுக்கும் நிலத்தை நன்கொடையாகவே விட்டார்கள். இது எவ்வளவு பெரிய மனம்!

ஆனால் நடந்தது என்ன? மலை வெடித்த பின் பயணிகள் வருகை குறைந்தது. காலமும் பொருளாதார மந்தக் காலம். குத்தகைக்கு எடுத்தவர்கள் பணம் கட்டவில்லை. அந்த நெருக்கடியில், பத்து ஆண்டுகளுக்குள்ளாகவே ஊர் நிலத்தை அரசாங்கம் விலைக்கு வாங்கிக்கொண்டது. குத்தகை முடிந்தால் பேரப்பிள்ளைகளுக்குத் திரும்பி வரும் என்று எண்ணியிருந்த நிலம் அப்படிக் கைமாறியது.

அதன் பிறகு ஊர் வேகமாக வளர்ந்தது. 1894இல் ஆக்லாந்து நகரிலிருந்து இரயில் வந்தது. 1901இல் நியூசிலாந்து அரசு சுற்றுலாவுக்கென்று தனி இலாகா ஒன்றை ஏற்படுத்தியது. உலகிலேயே இப்படி ஓர் அரசு செய்தது அதுவே முதல் முறை. 1908இல் ஏரிக்கரையில் அரண்மனை போன்ற ஒரு குளியல் மாளிகை திறக்கப்பட்டது. வாத நோயாளிகளுக்கு அங்கே கந்தக நீர்க் குளியல், சூடான சேற்றுப் பற்று, மெல்லிய மின்சாரச் சிகிச்சை எல்லாம் கொடுத்தார்கள். ஆனால் ஊற்றிலிருந்து வந்த கந்தக வாயுவே குழாய்களையும் கட்டடத்தையும் அரித்துத் தின்றது. 1966இல் குளியல் நின்றது. 1969இல் அது அருங்காட்சியகமாயிற்று. நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 2016இல் அதுவும் மூடப்பட்டது.

முதலில் நோயாளிகளின் ஊராக இருந்த ரோட்டோருவா, பிறகு உழைப்பாளிகளின் விடுமுறை ஊராகவும் மாறியது. 1933இல் நீலக் குளியல் நிலையம் திறந்தபோது, ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சேர்ந்து நீந்தி மகிழலாம் என்ற புதுமை வந்தது. 1944இல் நியூசிலாந்தில் ஒரு சட்டம் இயற்றினார்கள். தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்பதே அந்தச் சட்டம். சம்பளம் போகாது என்ற உறுதி இருந்தால்தானே தொழிலாளி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் போக முடியும்?

இன்று அங்கே போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ஏரியைப் பார்த்தபடி வெந்நீர்க் குளங்களில் அமர்கிறார்கள். குயிராவ் பூங்காவில் காசில்லாமலே காலை வெந்நீரில் நனைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1901இல் நடப்பட்டு, இன்று தென்னையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்து நிற்கும் ரெட்வுட் மரக்காட்டில் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஏரியில் டிரவுட் மீன் பிடிக்கிறார்கள். அந்த மீனை அந்த நாட்டில் விற்கக்கூடாது. பிடித்தவர் தாமும் உண்ணலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

இந்த டிரவுட் மீனுக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. அது வெள்ளைக்காரக் குடியேறிகள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்ட மீன். மாவோரிகள் காலங்காலமாக உண்டு வந்த சிறு மீன்களை அது தின்று தீர்த்தது. டிரவுட்டைப் பிடிக்கவோ உரிமச் சீட்டு வேண்டும் என்றார்கள். ஒருவருடைய பொழுதுபோக்கு மற்றவருடைய சோற்றில் கை வைத்துவிட்டது. ஏரிகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எழுந்து, 1922இல் ஆண்டுக்கு 6,000 பவுன் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். 2006ஆம் ஆண்டில்தான் 13 ஏரிகளின் அடிநிலம் சட்டப்படி தெ அராவா மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

அந்த மக்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. வக்காரெவாரெவாவின் வழிகாட்டிப் பெண்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே சொன்னார்கள். அவர்களில் ஒருவரான மக்கெரெத்தி பிற்காலத்தில் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தம் இனத்தாரின் வாழ்க்கை முறையைப் பற்றி ஆராய்ந்தார். 1930இல் அவர் காலமான பின், 1938இல் அது நூலாக வெளிவந்தது. பயணிகளுக்கு வழி காட்டிய கை, பிறகு நூல் எழுதியது. நம் பெண்பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 1970களில் எரிபொருள் விலை ஏறியது. ஊரில் வீடுகளும் விடுதிகளும் ஆளுக்கொரு குழாய்க் கிணறு தோண்டி நிலத்தடி வெந்நீரை இழுத்தன. ‘என் கொல்லை, என் கிணறு’ என்று நூற்றுக்கணக்கில் தோண்டினார்கள். அடியில் இருப்பதோ ஒரே நீர். ஊற்றுகள் தளர்ந்தன. ஓயாமல் பீறிட்டுக்கொண்டிருந்த பப்பாக்குரா என்ற கெய்சர் 1979இல் நின்றே போயிற்று. எதைக் காண மக்கள் வந்தார்களோ அதுவே செத்துக்கொண்டிருந்தது. 1986இல் அரசு ஒரு முடிவெடுத்தது. பொஹுத்துவைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை மூட உத்தரவிட்டது. எதிர்ப்பு பலமாக இருந்தது, ஆனாலும் மூடினார்கள். நீர் மெல்ல மெல்ல ஏறியது. முப்பத்தாறு ஆண்டுகள் உறங்கிய பப்பாக்குரா, 2015இல் மறுபடியும் பீறிட்டது.

நேயர்களே, ஊரே சேர்ந்து குளித்த காலத்தில் வற்றாத ஊற்று, ஆளுக்கு ஆள் இழுத்தபோது வற்றப் பார்த்தது. மனிதனுக்கு ஓய்வு தரும் நீருக்கும் ஓய்வு கொடுக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. செலாயாங்கிலும் பேராக்கில் சுங்கை கிளாவிலும் விடுமுறை நாளில் குடும்பங்கள் கூடுவதைப் பார்க்கலாம். அடுத்த முறை போகும்போது, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். தாத்தாவும் பாட்டியும் உடன் வந்தால், அவர்களுக்கு நிழலில் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுங்கள். மழை நாளில் கூலி இழந்தவர்கள் அவர்கள். கவலையில்லாத ஒரு நாள் அவர்களுக்கு வெகுகாலமாகவே கடன் இருக்கிறது.