பொங்கல் மேட்சும் ரோஜாக் கிண்ணமும்

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்துக்கு (அவங்க கால்பந்து, கையில்தான் அதிகம் ஆடுவார்கள்) ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் வழக்கமான ஆட்டங்கள் முடிந்ததும், நன்றாக ஆடிய அணிகளைக் கூப்பிட்டு, விடுமுறை நாட்களில் தனியாக ஒரு மேட்ச் வைப்பார்கள். ‘பௌல்’ என்று பெயர். இவற்றில் மூத்தது பாசடீனா நகரத்து ரோஸ் பௌல். 1902 ஜனவரி 1 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. இப்படி ஒருதலையாய்ப் போனதால் அடுத்த சில வருடங்கள் பந்தாட்டத்தையே விட்டுவிட்டு ரத ஓட்டம் வைத்தார்கள். (தேர் அச்சு இற்றதால் பெயர் வந்த அச்சிறுபாக்கத்துக்காரனுக்கு இந்த இடத்தில் காது விடைக்காமல் இருக்குமா?) 1916-ல்தான் பந்து திரும்ப வந்தது.

அதே 1915-16 பருவத்தில்தான் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியர் - ஐரோப்பியர் மாகாண மேட்ச் முறையாகத் தொடங்குகிறது. பொங்கலை ஒட்டி நடந்ததால் ஜனங்களுக்கு அது ‘பொங்கல் மேட்ச்’. இங்கே ஆட்டம் கிரிக்கெட். ஆனால் பண்டிகை விடுமுறை, அழைக்கப்பட்ட இரண்டு அணி, வருஷம் பூரா பேச்சு என்று மற்றதெல்லாம் பௌல் மாதிரியேதான்.

இதற்கு விதை போட்டவர் புச்சிபாபு நாயுடு. 1846-ல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுக்கானது. அதற்குப் பதிலாக 1888-ல் இவர் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இரு தரப்பும் மோத 1908-ல் ஏற்பாடு செய்துவிட்டு, ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு இறந்துபோனார்.

ஆக, அணி பிரித்ததே தோல் நிறத்தை வைத்துத்தான். அதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் கிளப்புக்குள் நுழைய முடியாத ஒருவன், அதே ஆட்களுக்கு எதிராக ஊர் பார்க்கச் சரிசமமாக நிற்க முடிந்த மைதானமும் இதுவே.

நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் 1909-ல் பிறந்த எம்.ஜே. கோபாலன் அப்படி நின்றவர். வேகப்பந்து வீச்சாளர். அவர் திறமையை அடையாளம் கண்டு, பர்மா ஷெல் கம்பெனியில் வேலைக்கு வழி செய்தவர் யார் தெரியுமா? எதிரணியில் ஆடிய சி.பி. ஜான்ஸ்டன்! 1934-ல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் இதே சேப்பாக்கத்தில் நடந்தபோது, முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர் அவர்.

1951-52-உடன் பொங்கல் மேட்ச் நின்றுபோனது. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிய பிறகு எதிரே நிற்க ஆள் ஏது? ரோஸ் பௌலில் வருஷத்துக்கு வருஷம் கல்லூரி மாறலாம். உலகப்போரின்போது, 1942-ல், ஊரையே மாற்றி வட கரோலினாவில் நடத்தினார்கள். 2025 ஜனவரி 1 அன்று அது தேசிய சாம்பியன் போட்டியின் காலிறுதியாகவே ஆகிவிட்டது. பொங்கல் மேட்சை அப்படி மாற்ற வழியில்லை. இந்தியன், ஐரோப்பியன் என்ற பிரிவினைதான் அதன் அஸ்திவாரம். அது போனால் மேட்சும் போகத்தான் வேண்டும்.

சிலர் இப்போதும் அந்த மேட்சை நினைத்து ஏங்கி எழுதுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. 1952-53-லேயே சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஒரு வருடாந்திரப் போட்டி தொடங்கியது. இந்த முறை எதிரே வந்தது ஆண்டவர்கள் அல்ல, அண்டை வீட்டுக்காரர்கள். கோப்பையின் பெயர்? எம்.ஜே. கோபாலன் கோப்பை. மொரப்பாக்கத்துக்காரர் பெயர்தான்.